பழைய வளவுக்கு ஒரு நாள் நடை: அப்பம்மா, அப்பப்பாவோடு முதல் தடவை போகிறவர்களுக்கு

திருகோணமலை மாவட்டத்தில் எங்காவது ஒரு பழைய வளவு, அதாவது விட்டுவிட்டு வந்த வீட்டுக் காணி, இல்லாத குடும்பம் குறைவு. தென்னைமரவாடிக்காரருக்கு 1984, திரியாய்க்காரருக்கு 1985, வேறு பலருக்கு 1990, சம்பூர்க்காரருக்கு 2006 என்று ஒவ்வோர் ஊரும் போரால் இடம்பெயர்ந்து எழும்பின ஆண்டைப் பெரியவர்கள் பிறந்த தேதி மாதிரிச் சொல்வார்கள். சில ஊர்களில் சனம் திரும்பி வந்து வீடு கட்டிவிட்டது. ஆனால் ஊரின் உட்பக்கம், குளத்துக்கு அங்காலே, வயலுக்கு அப்பால் இருந்த வளவுகள் பல இன்னும் பற்றைக்குள்தான் கிடக்கின்றன. வான் போகும் தூரம் முடிந்த பிறகு ஒன்றிரண்டு கிலோமீற்றர் நடந்துதான் போக வேண்டும்.

அப்பம்மாவையோ அம்மப்பாவையோ கூட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு, அப்படி ஒரு வளவுக்கு முதல் தடவையாக நடக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பிலோ வெளிநாட்டிலோ வளர்ந்து காட்டுப் பாதையே தெரியாதவர்களும் இதைப் பார்த்துத் திட்டமிடலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: இந்த நடைக்கு வழிகாட்டி அந்தப் பெரியவர்கள். வேகம், நேரம், எங்கே நிற்பது, எப்போது திரும்புவது எல்லாம் அவர்களுடைய கால் சொல்கிறபடி. நாங்கள் தண்ணீர் சுமக்கவும் முள் வெட்டவும் கூடப் போகிற ஆட்கள்.

போகும் முன் கேட்க வேண்டியவை

ஒரு மாதத்துக்கு முன்பே ஒரு கொப்பித் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பெரியவர் பக்கத்தில் இருங்கள். வளவின் படத்தைக் கீறச் சொல்லுங்கள். எங்கள் அப்பம்மா கீறின படத்தில் வடக்கு தெற்கு கிடையாது. நடுவில் ஒரு வட்டம், அது கிணறு. மற்றதெல்லாம் கிணற்றில் இருந்துதான்: கிணற்றுக்கு இந்தப் பக்கம் குசினி, அந்தப் பக்கம் மாட்டுப் பட்டி, பின்னால் புளிய மரம், புளிக்குக் கீழே வைரவர் சூலம். படலையில் இருந்து கிணற்றுக்கு எத்தனை எட்டு என்பது கூடத் தெரிந்திருந்தது. அந்தத் தாளைத் திருத்தாமல் அப்படியே வைத்திருங்கள். போகிற அன்று கைபேசி வரைபடத்தை விட அதுதான் உதவும். கைபேசியில் பார்த்தால் அந்த இடம் முழுக்க ஒரே பச்சையாகத்தான் இருக்கும்.

கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த மரங்கள் நின்றன? வேலி எதால் போட்டது? பக்கத்து வளவு யாருடையது? வீடு விழுந்து மண்ணோடு மண்ணாகிவிடும். ஓலைக் கூரை ஒரு மாரிக்குத் தாங்காது, ஓட்டைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் புளி, வேம்பு, இலுப்பை, பனை நாற்பது ஆண்டு ஆள் இல்லாமலும் நிற்கும். தென்னை அநேகமாகப் பட்டுப்போயிருக்கும், அல்லது வட்டு இல்லாமல் மொட்டையாக நிற்கும். கிளுவைக் கதியாலோ பூவரசங் கதியாலோ (நட்டுவைக்கிற பச்சைத் தடி) போட்ட வேலி என்றால் உங்களுக்கு யோகம். அந்தக் கதியால்கள் வேர்விட்டு மரமாகி, காட்டுக்கு நடுவே நேர்கோட்டில் நிற்கும். காட்டு மரம் வரிசையில் முளைக்காது. அப்படி ஒரு வரிசை கண்ணில் பட்டால் அது யாரோ ஒருவருடைய எல்லை.

அடுத்து கிராம அலுவலர். பெரியவர்கள் இன்றைக்கும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். அவரைச் சந்தித்து, எந்த இடத்துக்கு, எத்தனை பேர், எந்த நாள் என்று சொல்லிவிடுங்கள். அவரிடம் இரண்டு விசயம் தெளிவாகக் கேட்டு வைக்க வேண்டும். ஒன்று, அந்தக் காணி இப்போது யாருடைய எல்லைக்குள் இருக்கிறது என்பது. வன இலாகா, வனஜீவராசிகள் திணைக்களம், தொல்பொருள் திணைக்களம் ஆகியவை எல்லைக் கல் போட்ட இடங்கள் இந்த மாவட்டத்தில் பல. திரியாய் கிரிஹண்டு சேய விகாரையைச் சுற்றியுள்ள பகுதி அதற்கு நல்ல உதாரணம். உங்களிடம் காணி உறுதியோ பெர்மிட்டோ இருந்தாலும், எல்லைக் கல்லுக்கு உள்ளே கேட்காமல் போய்க் கத்தி வைத்தால் வீண் சிக்கல். உறுதியின் போட்டோப் பிரதி ஒன்றைக் கையோடு வைத்திருங்கள், மூலத்தை வீட்டிலேயே விடுங்கள்.

இரண்டாவது, கண்ணிவெடி. அந்தப் பகுதி துப்புரவு செய்து கையளிக்கப்பட்டதுதானா என்பதைக் கிராம அலுவலரிடமும், அந்தப் பக்கம் தினமும் மாடு கொண்டு போகிறவர்களிடமும் கேளுங்கள். “ஓம், நாங்கள் நெடுகப் போறது” என்று இரண்டு தரப்பும் சொன்னால் மட்டும் போகலாம். ஒருவர் தயங்கினாலும் அந்த இடத்தை விடுங்கள். பெரியவரின் ஆசை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதில் இடம் கொடுக்கக் கூடாது.

உள்ளூர் ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். மாடு மேய்க்கிறவர், தேன் எடுக்கிறவர், சேனை செய்கிறவர், யாராக இருந்தாலும் சரி, அந்தக் காட்டில் இந்த மாதம் நடந்தவராக இருக்க வேண்டும். பாதை தெரிவது மட்டும் காரணம் இல்லை. காட்டுப் பன்றிக்குப் பொறியாகக் கட்டின கட்டுத்துவக்கு எங்கே, பயிருக்கு இழுத்த கரண்ட் கம்பி எங்கே, யானை நேற்று எந்தப் பக்கம் இறங்கினது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவருக்கு ஒரு நாள் கூலியை முதலிலேயே பேசிக் கொடுத்துவிடுங்கள். அதே ஊரில் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வைத்திருக்கிற ஒருவரிடமும் சொல்லி வையுங்கள். வழியில் அப்பப்பாவுக்குக் கால் ஏலாமல் போனால், வண்டில் பாதை இருக்கிற இடம் வரைக்கும் பெட்டியோடு அது வரும்.

எந்த மாதம்?

மாசி, பங்குனி. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஐப்பசியில் தொடங்கின மாரி தை மாதம் அளவில் ஓய்ந்துவிடும். பெப்ரவரி நடுப்பகுதியில் இருந்து ஏப்ரல் தொடக்கம் வரைக்கும் பாதை காய்ந்திருக்கும், குளத்தில் தண்ணீர் இருக்கும், மரம் பச்சையாக நிழல் தரும். பெரும்போக வெட்டும் அப்போதுதான் நடப்பதால் வயல் பக்கம் ஆள் நடமாட்டமும் இருக்கும்.

சித்திரை கழிந்தால் வெயில் ஏறிவிடும். பிறகு கச்சான் காற்று தொடங்கும். நிலத்தில் இருந்து வீசுகிற அந்தக் காய்ந்த காற்றில் வியர்வை உடம்பில் நிற்காது, அதனால் தண்ணீர் குறைவது பெரியவர்களுக்கே தெரியாது. ஆனி, ஆடியில் பாலைப்பழம் இருக்கிறதே, பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்று ஆசைப்படுவீர்கள். பாலையும் வீரையும் பழுக்கிற காலம் கரடிக்கும் கொண்டாட்டம். எண்பது வயது ஆளோடு அந்த நேரம் உள்காட்டுக்குப் போக வேண்டாம். பாலைப்பழத்தைச் சந்தையில் வாங்கிக் கொடுக்கலாம்.

மாரிக்குள் போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சேறு, பெருக்கெடுத்த ஓடை, புற்றில் தண்ணீர் புகுந்து வெளியே வந்த பாம்பு என்று எல்லாம் ஒன்றாக வரும்.

எவ்வளவு தூரம்?

ஒரு வழிக்கு இரண்டு கிலோமீற்றருக்குள் இருந்தால் முதல் தடவைக்குப் போதும். எழுபத்தைந்து தாண்டியவர் சம தரையில், இடையிடையே இருந்து இருந்து, மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோமீற்றர் நடப்பார் என்று கணக்குப் போடுங்கள். வளவு அதைவிடத் தூரம் என்றால் லான்ட்மாஸ்டர் போகிற வரைக்கும் அதில் போய், மிச்சத்தை நடக்கலாம்.

மூன்று நான்கு கிழமைக்கு முன்பே நடந்து பழக வேண்டும். நகரத்தில் இருக்கிறவர்களுக்கு இதற்குக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரைக்கும் உள்ள பாதையை விட நல்ல இடம் இல்லை. ஏற்றம் இருக்கிறது, மர நிழல் இருக்கிறது, இருந்து மூச்சு வாங்கலாம், பிள்ளைகளுக்கு மான் பார்க்கலாம். காலை ஆறரைக்குப் போய், மேலே கும்பிட்டுவிட்டு இறங்கி வாருங்கள். ஏற்றத்தில் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று கவனியுங்கள். நடுவில் பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டால் அந்த வேகம் கூட. இறங்கும்போது முழங்காலைப் பாருங்கள், ஏற்றத்தை விட இறக்கத்தில்தான் நோவு தெரியும். இன்னொரு நாள் டச்சுக் குடா கடற்கரை மணலில் கொஞ்சத் தூரம். மணலில் நடக்க முடிந்தவர் குளக்கட்டிலும் வயல் வரம்பிலும் நடந்துவிடுவார்.

நெஞ்சு நோவு, அண்மையில் செய்த சத்திரசிகிச்சை, தலைச்சுற்று இருக்கிறவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பிரஷருக்குத் தண்ணி போகிற குளிசை எடுக்கிறவர்கள் அன்றைக்கு அதை எப்போது எடுப்பது என்பதையும் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

செருப்பு ஒரு தனிக் கதை. வீட்டில் போடுகிற பாட்டாச் செருப்பு காட்டுக்கு உதவாது. ஈச்ச முள்ளும் உடை முள்ளும் அதைத் துளைத்துக்கொண்டு ஏறும். பின்பக்கம் பட்டி உள்ள, அடி தடித்த சப்பாத்துச் செருப்பு ஒன்று வாங்கி, இரண்டு கிழமை வீட்டிலும் கோயிலுக்குப் போகும்போதும் போட்டுப் பழக்குங்கள். புதுச் செருப்போடு வந்தால் அரைக் கிலோமீற்றரில் கொப்புளம். சேலை கட்டுகிறவர்கள் கரண்டைக்கு மேலே உயர்த்திச் செருகினால் போதும். சாரம், வேட்டிக்காரருக்கும் அதே. கையில் ஒரு பொல்லு, தோள் உயரத்துக்கு. வளைந்த பிடி உள்ள நகரத்துக் கைத்தடி மண்ணில் புதையும்.

கொண்டு போகிற சாமான்

தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர். நான்கு பேருக்குப் பன்னிரண்டு லீற்றர் என்றால் பன்னிரண்டு கிலோ. ஆகவே சுமக்க இளம் ஆட்கள் எத்தனை பேர் என்பதைப் பார்த்துத்தான் கூட்டத்தைச் சேர்க்க வேண்டும். ஒரு பெரியவருக்கு ஓர் இளம் ஆள், கையில் பிள்ளை இல்லாதவர், என்பது நல்ல கணக்கு. அதோடு இரண்டு ஜீவனிப் பைக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச்சத்துத் தூள்), தேசிக்காய், உப்பு, சீனி. பெரியவர்கள் தாகம் எடுத்தால்தான் குடிப்பார்கள், காட்டில் மூத்திரம் போக இடம் இல்லை என்று பயந்து குடிக்காமலும் இருப்பார்கள். இந்த இரண்டாவதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். ஒரு பழைய பெட்சீற், ஒரு கயிறு. இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினால் மறைப்பு ஆயிற்று. “இருக்குது அப்பம்மா, பயப்படாமல் குடியுங்கோ” என்று புறப்படும் முன்பே காட்டிவிடுங்கள்.

இரண்டு பிளாஸ்ரிக் கதிரை. இதைச் சொன்னால் பலர் யோசிப்பார்கள். ஆனால் இந்தப் பட்டியலில் எதையாவது விட்டாலும் கதிரையை விடாதீர்கள். முழங்கால் தேய்ந்த ஒருவரைத் தரையிலோ பாறையிலோ இருத்தினால் எழுப்புவதற்கு இரண்டு பேர் வேண்டும், அவருக்கும் நோவு. கதிரை என்றால் அவராகவே இருந்து அவராகவே எழும்புவார். ஓர் இளைஞர் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தால் பாரமே இல்லை. வளவில் போய்ச் சேர்ந்த பிறகு அதில் இருந்துகொண்டுதான் அவர்கள் கதை சொல்வார்கள்.

சாப்பாட்டில் தேங்காய் சேர்ந்தது மத்தியானம் வரைக்கும் தாங்காது. புட்டு, இடியப்பம், தேங்காய்ச் சம்பல் எல்லாம் காலையில் வானை நிறுத்துகிற இடத்திலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும். மத்தியானத்துக்குப் புளிச்சாதம், கட்டைச் சம்பலோடு ரொட்டி, அவித்த முட்டை. வாழையிலையில் கட்டினால் மணமும் இருக்கும், குப்பையும் இல்லை. இடையில் கடிக்க எள்ளுருண்டை, வறுத்த கச்சான் கடலை, வாழைப்பழம், தோடம்பழம். பையை மூடிக் கட்டி ஒருவர் மடியிலேயே வைத்திருங்கள், குரங்கு பார்த்துக்கொண்டிருக்கும்.

சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு நடக்கும்போது சீனி கீழே இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் உடனே குளுக்கோஸோ சீனித் தண்ணியோ கொடுக்க வேண்டும். அது சுமையின் அடியில் இருக்கக் கூடாது, அவர் பக்கத்தில் நடக்கிறவரின் சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும். இன்சுலின் ஊசி என்றால் ஈரத் துணி சுற்றிய சின்னப் பிளாஸ்க்கில். அன்றைய குளிசைகள், ஒரு நேரத்துக்குக் கூடுதலாக, பெயர் எழுதின தாளோடு. மூதூர், கிண்ணியாப் பக்கத்து உம்மம்மாக்களோடு போகிறவர்கள் லுஹர் தொழுகைக்கு ஒரு பாயும் கைகால் கழுவி வுழூச் செய்யத் தனித் தண்ணீரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடக்கிற நாள்

நகரத்தில் இருந்து திரியாய்க்கு நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டை வீதியில் ஏறத்தாழ 45 கிலோமீற்றர். தம்பலகாமம் கண்டி வீதியில், கிட்ட. சம்பூர், கட்டைபறிச்சான் பக்கம் என்றால் கிண்ணியா, மூதூர் வழி. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் அந்த வழியில் பாதை (வாகனம் ஏற்றும் மிதவை) ஏறிக் கடந்தவர்கள் உங்கள் வானில் இருந்தால் பாலத்தில் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். கதை அங்கேயே தொடங்கிவிடும்.

அதிகாலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, ஏழு மணிக்கு முன் ஊரில் நிற்க வேண்டும். விடியும் முன் காட்டுக்குள் இறங்க வேண்டாம், அது யானை நேரம். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, ஏழு மணி அளவில் நடக்கத் தொடங்கினால் எட்டரைக்குள் வளவில் நிற்கலாம்.

வரிசை முக்கியம். முன்னால் உள்ளூர் ஆள், கையில் கத்தி. அவருக்குப் பின்னால் நேரே பெரியவர், பக்கத்தில் அவருக்கென்று ஓர் ஆள். பிறகு பிள்ளைகள். கடைசியில் ஒரு பெரிய ஆள். பெரியவரைக் கடைசியில் விட்டால் அவர் எல்லாரையும் எட்டிப் பிடிக்க ஓடுவார், ஏலாது என்று வாய் திறக்க மாட்டார். முன்னால் விட்டால் மற்றவர்கள் தானாகவே அவர் வேகத்துக்கு வருவார்கள். பிள்ளைகள் முன்னால் ஓடக் கூடாது என்பது சட்டம். அதற்குப் பதிலாக அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: அப்பம்மா கீறின படத்தை வைத்திருப்பது, அவர் சொல்கிற மரத்தின் பெயரை எழுதுவது, கால் மணிக்கு ஒரு தரம் தண்ணீர் கொடுப்பது.

கால் மணிக்கு ஒரு தரம் நிற்க வேண்டும். களைத்த பிறகு நிற்பது பிந்தியது. வெயிலில் முகம் சிவந்து, தலையிடி, சத்தி வருகிறது என்று சொன்னால் நடை அத்தோடு நிற்கிறது. நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, கழுத்திலும் கக்கத்திலும் ஈரத் துணி வைத்து, ஜீவனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மாறாட்டமாகப் பேசினால் அல்லது மயங்கினால் வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம், உடனே 1990க்கு அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ். சிக்னல் எந்த இடம் வரைக்கும் இருக்கிறது என்பதை உள்ளூர் ஆளிடம் முதலிலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும். பொலிசுக்கு 119.

யானை இலத்தி ஈரம் காயாமல் கிடந்தால், கொப்பு முறித்த இடம் பச்சையாக இருந்தால், உள்ளூர் ஆள் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு. திரும்பச் சொன்னால் திரும்புங்கள். பெரியவரோடு யானைக்கு முன்னால் ஓட முடியாது.

பாம்பு: கண்ணாடி விரியன், நாகம், சுருட்டை எல்லாம் இந்தக் காய்ந்த காட்டில் உண்டு. பொல்லால் தட்டிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். விழுந்த மரத்தைக் கடக்கும்போது மரத்தின் மேலே ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கால் வையுங்கள், பெரியவரை மரத்தைச் சுற்றிக் கூட்டிப் போங்கள். கல், ஓடு, உரல் எதையும் கைவிட்டுப் புரட்ட வேண்டாம். கடித்துவிட்டால் வெட்டுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, மூலிகை வைப்பது ஒன்றும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கதிரை இதற்கும் உதவும்.

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்புத் தடி, மஞ்சள் நாடா எது கண்ணில் பட்டாலும் வந்த காலடியிலேயே பின்னுக்கு நடந்து போங்கள். துருப்பிடித்த இரும்புத் துண்டு என்ன சாமான் என்று தெரியாவிட்டால் தொடக் கூடாது, பொலிசுக்குச் சொல்ல வேண்டும். வளவைத் துப்புரவாக்குகிறோம் என்று பற்றைக்கு நெருப்பு வைப்பது எந்தக் காலத்திலும் வேண்டாம். உள்ளே எது கிடக்கிறது என்று தெரியாது.

வளவில்

கிட்ட வந்ததும் நீங்கள் பேசுவதை நிறுத்திவிடுங்கள். “இதுதான், அதுதான்” என்று காட்ட வேண்டாம். அவர்களாகக் கண்டுபிடிக்க விடுங்கள். எங்கள் அப்பம்மா முதலில் புளியைப் பார்த்தார். பிறகு புளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு முறை வலப்பக்கம் பார்த்தார். அங்கே நான்கு கிளுவை ஒரே கோட்டில். “படலை இதுக்குள்ளாலதான்” என்று சொல்லிக்கொண்டு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவால் போனார், பொல்லை ஊன்றாமல். கிளுவையில் பழைய முள்ளுக்கம்பி மரத்துக்குள் புதைந்து ஒரு தழும்பாகக் கிடந்தது.

அவர் நேரே கிணற்றுப் பக்கம்தான் போவார். எல்லாரும் போவார்கள். ஆகவே நீங்கள் முந்திக்கொண்டு கிணறு எங்கே என்று பார்த்துவிட வேண்டும். கைவிட்ட கிணறுதான் பழைய வளவில் மிகப் பெரிய ஆபத்து. கட்டு இடிந்து, மேலே கொடி படர்ந்து, பார்த்தால் பற்றை மாதிரித் தெரியும். உள்ளூர் ஆள் நீளமான தடியால் நிலத்தைக் குத்திப் பார்த்துக்கொண்டு முன்னால் போகட்டும். இடம் தெரிந்ததும் நான்கு தடி ஊன்றிக் கயிறு கட்டி, கயிற்றில் சிவப்புத் துணி ஒன்று. பிள்ளைகளுக்கு அதற்குள் இடம் இல்லை. பெரியவர் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, ஒரு தரம். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் குடிக்க வேண்டாம். இறைத்துத் துப்புரவாக்கலாம் என்று யாரையும் உள்ளே இறக்க வேண்டாம், நெடுங்காலம் மூடிக் கிடந்த கிணற்றில் மூச்சுக்கு ஆகாத வாயு தங்கியிருக்கும்.

கதிரையை நிழலில் வைத்து, பிளாஸ்க்கில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் கொடுத்து, அரை மணி நேரம் சும்மா விடுங்கள். சிலர் அழுவார்கள். சிலர் ஒன்றுமே சொல்லாமல் அத்திவாரக் கல்லைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். சிலர் வந்த உடனே தரையைக் கூட்டத் தொடங்குவார்கள், கொப்பு ஒன்றை முறித்து. எதையும் தடுக்க வேண்டாம், உடனே கமராவை நீட்டவும் வேண்டாம். குரலைப் பதிவு செய்ய விருப்பம் என்றால் கேட்டுவிட்டு, கைபேசியைக் கதிரைக் காலடியில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். “அப்ப என்ன நடந்தது?” என்று கேட்பதை விட, “குசினி எந்தப் பக்கம் அப்பம்மா?” என்று கேளுங்கள். இடத்தைக் கேட்டால் கதை தானாக வரும். எழும்பி ஓடின இரவைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் தோண்ட வேண்டாம்.

பொங்கிப் படைக்க வேண்டும் என்று பல பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு இடம் கொடுங்கள், அதற்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். மண்பானை, பச்சையரிசி, சர்க்கரை, பால், கற்பூரம் கொண்டு போகலாம். அடுப்பைச் சுற்றி இரண்டு மீற்றர் வெறும் தரையாகச் செதுக்கி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்து, காற்று இல்லாத காலை நேரத்திலேயே முடித்து, சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு எழும்புங்கள். காட்டுக்குள் அடுப்பு மூட்டலாமா என்பதை விதானையாரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அம்மியோ ஆட்டுக்கல்லோ கிடைத்தால் தூக்கிக்கொண்டு வர மனம் வரும். உங்கள் வளவுதான் என்பது உறுதியாகத் தெரிந்து, பெரியவரும் ஓம் என்றால் அடுத்த தடவை லான்ட்மாஸ்டரில் வரலாம். பழைய செங்கல், எழுத்துக் கல், தூண் துண்டு என்று ஏதாவது கண்டால் அதைத் தொடவே வேண்டாம், தொல்பொருள் சட்டம் கடுமையானது.

திரும்புவது

நல்ல நிழலும் போதிய தண்ணீரும் இருந்தால் மத்தியானத்தை அங்கேயே கழித்து, பாயில் கொஞ்சம் சாய்ந்து, மூன்று மணிக்கு வெயில் சரிந்ததும் நடக்கத் தொடங்குங்கள். ஐந்து மணிக்கு முன் கட்டாயம் வானில் இருக்க வேண்டும். நிழல் போதாது என்றால் ஒன்பதரைக்கே திரும்பிவிடுங்கள். பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் பெரியவரை வெயிலில் நடத்தக் கூடாது. திரும்பும்போது அவர்கள் எழும்ப மனம் இல்லாமல் இருப்பார்கள், “இன்னும் கொஞ்சம்” என்பார்கள். அதற்காகப் புறப்படும் நேரத்தில் அரை மணியை முன்பே கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் உடுப்பை வெளியிலேயே கழற்றி, சுடுதண்ணியில் போட்டு, குளிக்க வேண்டும். மாடு மேய்கிற காட்டில் உண்ணி அதிகம். காதுக்குப் பின்னால், கக்கம், இடுப்பு, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களைப் பார்த்து, இருந்தால் சாவணத்தால் (முள் பிடுங்கும் சின்ன இடுக்கி) தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள். நசிக்க வேண்டாம். பெரியவரின் கால் விரல் இடுக்குகளை வெளிச்சத்தில் பாருங்கள், சீனி வருத்தக்காரருக்கு முள் குத்தினது தெரியாது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசிச் சுடுதண்ணி ஒத்தடம். அடுத்த நாள் கோயிலுக்கோ கலியாணத்துக்கோ கூட்டிப் போகிற வேலை வைக்காதீர்கள்.

அந்தக் கிழமைக்குள்ளேயே, ஞாபகம் பசுமையாக இருக்கும்போது, அப்பம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தாளில் நீங்கள் பார்த்ததைக் கீறி அவரிடம் காட்டித் திருத்துங்கள். புளியில் இருந்து கிணறு எத்தனை எட்டு, கிளுவை வரிசை எந்தத் திசை, பக்கத்து வளவுக்காரர் பெயர் என்ன என்பதை எழுதி, ஒரு பிரதியை உறுதியோடு வையுங்கள். காணி அலுவலகத்துக்குப் போகிற நாள் வந்தால் இந்த விவரங்கள் கைகொடுக்கும்.

இரண்டு கிழமைக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், குளிசை போட்டுப் பார்ப்போம் என்று வீட்டில் இருக்க வேண்டாம். காட்டுக்குப் போனோம், வயல் தண்ணீரில் கால் வைத்தோம், உண்ணி கடித்தது என்பதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் கேட்டால்தான் பிடிபடும்.